திகதியும் கோடும்

சித்தாண்டிப் பக்கத்து மாட்டுக்காரருக்கு எல்லை என்பது ஒரு திகதி. ஒவ்வோர் ஆண்டும் பெரும்போகத்துக்கு முன்னால் மட்டக்களப்பு மாவட்டத்தில் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டங்கள் கூடும். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரிகள், இந்தப் பக்கம் வட்டவிதானைமாரும் கமக்காரர் அமைப்புகளும். வாய்க்கால் துப்புரவு எப்போது, விதைப்பு எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிய வேண்டும், வேலி எப்போது அடைபட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் திகதி குறிப்பார்கள். அந்த வரிசையில் மாடுகளுக்கும் ஒரு நாள் உண்டு. அதற்குள் அவை வயற்பகுதியை விட்டு வெளியேறிவிட வேண்டும். முதல்நாள்வரை நின்று மேய்ந்த வரம்பில் மறுநாள் அதே மாடு நின்றால் அது அத்துமீறல். மண் மாறவில்லை, மாடு மாறவில்லை, காணி உறுதியில் உள்ள பெயரும் மாறவில்லை. நாள் மட்டும் மாறியிருக்கிறது.

மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டி முடிந்தவுடன் எல்லாம் தலைகீழாகும். சிறுபோகம் செய்யாத வயல்களில் தாள் காய்ந்து கிடக்கும். பட்டிகள் திரும்பி வரும். வயற்காரர் தடுப்பதில்லை. மாடு தின்பது அவருக்கு வேண்டாத தாள், விட்டுப்போவது அவருக்கு வேண்டிய எரு. ஆக ஒரே நிலத்துக்கு ஆண்டில் ஒரு பாதி ஒரு நியாயம், மறு பாதி இன்னொரு நியாயம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது வேலி என்று பார்க்கிறவருக்குத் தோன்றும். வேலி அந்தத் திகதிக்கு எடுத்துக் கட்டிய உடம்பு, அவ்வளவுதான். திகதி போனால் வேலியும் விறகு.

எல்லைகளைப் பற்றியும் அவற்றைக் கடப்பதைப் பற்றியும் எழுதுகிறவர்கள் பொதுவாகச் சுவரிலிருந்து தொடங்குவார்கள். பேர்லின் சுவர், பாலஸ்தீனச் சுவர், மனத்தின் சுவர். சுவரிலிருந்து தொடங்கினால் முடிவும் கிட்டத்தட்டத் தீர்மானிக்கப்பட்டுவிடும்: எல்லை கெட்டது, இடிப்பது நல்லது. மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து தொடங்கினால் கேள்வி அவ்வளவு லேசாக விடாது. கடப்பதற்கான வழியைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்ட எல்லைகள் இங்கே பல இருந்தன. அந்த வழி இல்லாத எல்லைகள் பின்னால் வந்தன. இந்த இரண்டு வகையையும் ஒன்றாக எண்ணிப் பேசுவதுதான் நம் எல்லைச் சிந்தனையின் பெரிய குறை என்பது என் எண்ணம்.

ஜெர்மன் சமூகவியலாளர் கேயோர்க் சிம்மல் 1909 இல் பாலத்தையும் கதவையும் பற்றிச் சில பக்கங்களே எழுதினார். பிரிந்து கிடப்பதை இணைக்கவும், இணைந்து கிடப்பதைப் பிரிக்கவும் தெரிந்த உயிர் மனிதன் என்பது அதன் சாரம். சுவரைவிடக் கதவு கூர்மையாகப் பிரிக்கிறது என்கிறார் அவர். திறக்கக்கூடியது மூடப்படும்போதுதான் மூடுதலுக்கே ஒரு பொருள் வருகிறது. வரையறையை வரையறையென்று அறிந்த அறிவு அதை ஏற்கெனவே கடந்து நிற்கிறது என்று அவருக்கு நூறாண்டு முன்பே ஹெகல் வாதிட்டிருந்தார். அறிவுக்கு அது பொருந்தலாம். மாட்டுக்குப் பொருந்தாது. மின்கம்பியை மின்கம்பியென்று அறிந்ததால் ஒரு மாடும் அதைக் கடந்ததில்லை.

நம்முடைய பழைய இலக்கணம் இந்த இடத்தில் ஐரோப்பியரைவிடத் தெளிவாக இருக்கிறது. தொல்காப்பியர் நிலத்தை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று பகுத்தார், ஒவ்வொன்றுக்கும் உரிய ஒழுக்கத்தையும் வைத்தார். பிறகு ஒரு சலுகையும் ஒரு மறுப்பும் சொன்னார். ஒரு திணைக்குரிய ஒழுக்கம் இன்னொரு திணையில் வந்து கலப்பதை விலக்கவேண்டியதில்லை. நிலங்கள் மட்டும் ஒன்றோடொன்று மயங்குவதில்லை. மனித நடப்பு எல்லை தாண்டலாம், அதற்காக நிலம் தன் இயல்பை விட்டுவிடாது. வயல் வயலாக இருக்கும், காடு காடாக இருக்கும். ஆயர் மட்டும் இரண்டுக்கும் நடுவே போய்வருவார்கள். சித்தாண்டிப் பட்டிக்காரர் ஆண்டில் பாதி மருதத்தில், பாதி முல்லையில். முல்லைக்குரிய பெரும்பொழுது கார், அதாவது மழைக்காலம். இங்கே மழைக்காலம் என்பது வடகீழ்ப் பருவம்; அந்த மாதங்களில்தான் மாடுகளும் ஆண்களும் காட்டுப்பக்கம் இருப்பார்கள், வீடுகள் ஊரில் காத்திருக்கும். இலக்கணம் இருத்தலை முல்லைக்கு உரிப்பொருளாக வைத்ததற்கு இதைவிட நேரான உரை கிடைப்பது அரிது. இதைச் சொல்லிவிட்டு உடனே ஒதுங்கிக்கொள்கிறேன். இன்றைய பால் பண்ணையாளரைச் சங்ககால ஆயராக்கிப் பார்ப்பதில் நமக்கு ஒரு சுகம் உண்டு, அவருக்கு அதனால் ஒரு லீற்றர் பாலும் கூடுதலாகக் கிடைக்காது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீற்றர், ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை தாண்டினால் சித்தாண்டி. ஏறாவூர் முஸ்லிம்களின் பழைய ஊர். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். சித்தாண்டியின் நடு சித்திர வேலாயுத சுவாமி கோயில். மட்டக்களப்புத் தேசத்தின் திருப்படைக் கோயில்களில் ஒன்றாக எண்ணப்படுவது. வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்துபோகும் யாத்திரிகர் வெருகல், சித்தாண்டி, மாமாங்கம், மண்டூர், திருக்கோயில் என்று முருகன் கோயில்களையும் சிவன் கோயில்களையும் தொட்டுக்கொண்டு உகந்தைக்குப் போய், அங்கிருந்து காட்டுக்குள் இறங்குவார்கள். வெருகல் ஆறு திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் எல்லை. குமுக்கன் ஆறு கிழக்கு மாகாணத்தின் தெற்கு எல்லை. யாத்திரிகருக்கு இரண்டும் குளிக்கும் துறைகள்.

ஊருக்கு மேற்கே முந்தனை ஆறு. கோடையில் இறங்கி நடக்கலாம், மாரியில் அது ஊருக்குள்ளேயே வந்துவிடும். 2011 ஜனவரி வெள்ளத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழை வலுத்தால் கிரான்–புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்குள் போகும், சந்திவெளியில் தோணிக்கு வேலை வரும். இதையும் எல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வேலியைப் போலவே இதுவும் பருவத்துக்குப் பருவம் திறந்து மூடுவது.

இந்தப் பிரதேசத்தின் பெரிய பிரிவினை சூரியனை வைத்துச் செய்யப்பட்டது. வாவிக்குக் கிழக்கே கடலோரம் எழுவான்கரை, மேற்கே வயலும் காடும் படுவான்கரை. கிட்டத்தட்ட 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நீர் இரண்டையும் பிரிக்கிறது. எழுவான்கரையில் சந்தை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. படுவான்கரையில் நெல், பால், தேன், விறகு. ஒன்றில்லாமல் மற்றது ஒரு வாரம் ஓடாது. ஆகவே துறைகள் இருந்தன. மண்முனையில் ‘பாதை’ ஓடியது. இங்கே பாதை என்றால் ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடத்தும் மிதவை. மண்முனைப் பாலம் 2014 இல்தான் திறக்கப்பட்டது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவே பாதையே தொழிலைச் செய்துவந்திருக்கிறது.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் எல்லைதான் எனக்கு எல்லாவற்றிலும் சுவாரசியமானது. அது வெறும் மணல். கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து ஆற்றுவாயை மூடிவிடும், வாவி ஒரு குளம்போல அடங்கிக் கிடக்கும். மாரியில் மேற்கிலிருந்து வெள்ளம் இறங்கி நீர்மட்டம் ஏறும்போது முகத்துவாரத்தை வெட்டுவதா, விடுவதா, வெட்டுவதானால் எப்போது என்ற வழக்குத் தொடங்கும். வயல் மூழ்கும் விவசாயிக்கு உடனே வெட்ட வேண்டும். மீன்பிடிகாரருக்கு அவசரத்தில் வெட்டினால் இறாலும் மீனும் நீரோடு கடலுக்குப் போய்விடும் என்ற பயம். அதேவேளை என்றைக்குமே வெட்டாமல் விட்டால் கடல்நீர் உள்ளே வராது, கடலிலிருந்து குஞ்சுகளும் வராது. அது அவருக்கும் நட்டம். பிந்தினால் ஊர்களுக்குள் தண்ணீர், முந்தினால் வாவிக்குள் உவர். மணலை வெட்டும் வேலை சில மணி நேரம்தான். அதற்கு முன்னால் நடக்கும் பேச்சு, சண்டை, மனுக்கொடுப்பு, கச்சேரிக் கூட்டம் ஆகியவைதான் உண்மையான வேலை. எல்லை தாண்டுதல் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு தனி மனிதன் துணிந்து ஒரு கோட்டைக் கடக்கும் படம் நம் மனத்தில் வருகிறது. முகத்துவாரத்தில் நடப்பது அப்படியல்ல. எதிரெதிர்த் தேவையுள்ள பலர் கூடி, ஒரு எல்லை எந்த நாளில் திறக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள். தத்துவ நூல்கள் இந்தச் சலிப்பூட்டும் கூட்டங்களுக்கு இடம் கொடுப்பதில்லை.

பழைய ஏற்பாட்டைப் புகழ்ந்துகொண்டே போனால் பொய்யாகிவிடும். மட்டக்களப்பில் உறவும் உரிமையும் தாய்வழிக் குடிகளாகப் பகுக்கப்பட்டவை. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவி குடிக்குக் குடி உரிமை. திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த நாள், எந்தச் சாதிக்கு எந்த வேலை என்று அணுஅணுவாக வகுத்திருந்தார்கள். மாட்டின் தொடையில் சுடும் குறியிலும் குலச்சின்னம் இருந்தது. காட்டில் கலந்த மந்தைகளைப் பிரித்தெடுக்க உதவியது அதே சின்னம். ஆனால் கோயிலில் யார் எதுவரை உள்ளே வரலாம் என்ற எல்லைக்குத் திகதி கிடையாது. அறுவடை முடிந்தாலும் அது திறக்காது. வயலுக்கும் மாட்டுக்கும் இவ்வளவு நுட்பமாகப் பருவம் வகுத்த சமூகம், மனிதருக்கு மனிதர் இட்ட கோட்டுக்கு ஒரு பருவத்தையும் வகுக்கவில்லை. ஆகவே பழையது எல்லாம் இளகியது, புதியது எல்லாம் இறுகியது என்ற கணக்கு இங்கே செல்லாது.

குடிமுறையில் ஒரு விசேஷம், அது தமிழரோடு நிற்கவில்லை. கிழக்குக் கரை முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி உண்டு. பள்ளிவாசலில் மரைக்காயர் குடிகளின் சார்பில் அமர்ந்தார்கள், கோயிலில் வண்ணக்கர் அமர்ந்ததைப் போல. இரு சமூகத்திலும் வீடு மகளுக்கு, மாப்பிள்ளை அங்கே போய்ச் சேர்வார். திமிலர் என்ற சாதியாரோடு நடந்த சண்டையில் முக்குவர் சாதியாருக்கு முஸ்லிம்கள் துணை நின்றார்கள், அதற்குக் கைம்மாறாக முக்குவர் பெண்ணும் நிலமும் கொடுத்து ஏறாவூரில் இருத்தினார்கள் என்று ஊர்க்கதை சொல்லும். கதை நடந்ததோ இல்லையோ, எல்லையில் இருப்பவரை உறவாக்கி வைத்துக்கொள்ளும் உத்தி அதில் தெரிகிறது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்தக் கரையில் பல ஆண்டுகள் ஆய்வு செய்து 2008 இல் வெளியிட்ட பெரிய நூலில் தமிழ், முஸ்லிம் குடியமைப்புகளை அருகருகே வைத்துக் காட்டியிருக்கிறார்.

இவ்வளவு ஒற்றுமை இருந்தும் எல்லை கரையவில்லை. நோர்வே மானிடவியலாளர் பிரெட்ரிக் பார்த் 1969 இல் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது. இரு கூட்டங்களைப் பிரிப்பது அவற்றின் பண்பாட்டு வேறுபாடு என்று நினைக்கிறோம். உண்மையில் பண்பாடு கலந்தாலும், ஆட்கள் இங்குமங்கும் போனாலும், எல்லை நிற்கும். எல்லையை ஆராய வேண்டுமானால் உள்ளே இருக்கும் சரக்கைப் பார்க்காமல் எல்லையில் நடக்கும் கொடுக்கல் வாங்கலைப் பார்க்க வேண்டும் என்றார். கொடுக்கல் வாங்கல் நின்றபோது என்ன நடந்தது என்பதை 1990 காட்டியது. ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் கொன்றார்கள். ஆகஸ்ட் 11 இரவு ஏறாவூரில் வீடு வீடாகக் கொலை நடந்தது. செப்ரெம்பர் 5 இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்த தமிழரில் 158 பேரைப் படையினர் கொண்டுபோனார்கள், அவர்கள் திரும்பவில்லை. செப்ரெம்பர் 9 இல் சத்துருக்கொண்டானிலும் தமிழர் கொல்லப்பட்டார்கள். எல்லாம் ஒரே வீதியில், ஒரு மணி நேர பஸ் பயணத்துக்குள் அடங்கும் ஊர்கள். ஐந்து வாரத்தில் இந்த வீதியின் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மதில் முளைத்தது. யாரும் அதைக் கல்லால் கட்டவில்லை, ஆகவே யாராலும் இடிக்கவும் முடியவில்லை.

இதற்குப் பிறகு ‘எல்லைகளை மறப்போம்’ என்ற பேச்சு எனக்குக் கூசுகிறது. அப்படிப் பேசுகிறவர் பெரும்பாலும் எல்லையின் வசதியான பக்கத்தில் இருக்கிறார். நான் ஒருவன், நீ ஒருவன் என்பதை அழித்தால்தான் சேரலாம் என்றால் அழியப்போவது எப்போதும் சிறியவர்தான். சைவ சித்தாந்தம் இந்தச் சிக்கலை நன்றாக உணர்ந்திருந்தது. 13 ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் வகுத்த நெறியின்படி உயிரைக் குறுக்கி அணுவாக்கி வைத்திருப்பது ஆணவ மலம். முத்தியில் அந்த மலத்தின் வலி அடங்குகிறது. உயிர் அழிவதில்லை, இறைவனாகிவிடுவதும் இல்லை. பிரிவில்லாமல் கலந்து, அதேசமயம் உயிராகவே நின்று அனுபவிக்கிறது. கேவலாத்வைதிகள் இதை அரைகுறை விடுதலை என்று குறை சொன்னார்கள். சமூகத்துக்குப் பொருத்திப் பார்த்தால் எனக்குச் சித்தாந்தியின் பக்கமே நியாயம் இருப்பதாகத் தெரிகிறது. நீங்க வேண்டியது குறுக்கம். வேறாய் இருப்பது அதனோடு சேர்ந்து நீங்க வேண்டியதில்லை.

காகிதக் கோடுகளுக்கு வருவோம். கோல்புறூக் சீர்திருத்தத்தோடு 1833 இல் இலங்கை ஐந்து மாகாணங்களாக வெட்டப்பட்டது, கிழக்கு மாகாணம் அப்போது பிறந்தது. 1876 இன் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் பயிரழிவுக்கு மாட்டுக்காரரைப் பொறுப்பாக்கியது. அதே 1876 இல் வந்த திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் தாய்வழி உரிமையைக் காத்த மட்டக்களப்பு முக்குவர் சட்டத்தின் அடியைப் பெயர்த்தது. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது. கல்லோயாத் திட்டக் குடியேற்றங்களின் அரசியல் விளைச்சல் அது. 1979 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க மகாவலி அதிகார சபைச் சட்டம், வர்த்தமானி அறிவித்தல் ஒன்றின் மூலம் ஒரு பகுதியை விசேட பிரதேசமாக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. 1983 இல் மாதுறு ஓயாவின் வலது கரையில், வடமுனைப் பக்கமாகத் திம்புலாகல பிக்குவின் தலைமையில் ஆயிரக்கணக்கில் சிங்கள மக்கள் இருத்தப்பட்டார்கள். அதை உள்ளிருந்து திட்டமிட்ட அதிகாரிகளில் ஒருவரான மாலிங்க குணரத்ன 1988 இல் நூலாகவே எழுதி வெளியிட்டார், ஒளிக்கவில்லை. 1988 இல் வடக்கும் கிழக்கும் ஒரு மாகாணமாயின. 2006 ஒக்ரோபரில் உயர் நீதிமன்றம் அந்த இணைப்புச் செல்லாது என்றது. இவ்வளவையும் அடுக்கியதற்குக் காரணம் ஒன்றுதான்: மாடு மேயப்போகும் இடம் இந்தக் கோடுகளில் பலவற்றின் சந்தியில் இருக்கிறது.

போர்க்காலக் கோடு இன்னொன்று. எழுவான்கரை பெரும்பாலும் படையினரிடம், படுவான்கரை புலிகளிடம். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் இறங்கினால் கறுப்புப் பாலம், அதுதான் நுழைவாயில். உரம், மின்கலம், மருந்து, எண்ணெய் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு, அனுமதி உண்டு. வாவியும் ஆறும் இருந்த இடத்திலேயே இருந்தன. பொருள் மட்டும் மாறிவிட்டது. நேற்றுவரை துறை, இன்று தடை. 2007 ஜூலை 11 இல் குடும்பிமலையைப் படையினர் பிடித்ததோடு அந்தக் கோடு போயிற்று. காடு திறந்தது. திறந்த காட்டுக்குள் மாட்டுக்காரர் மட்டும் நுழையவில்லை.

மயிலத்தமடு, மாதவனை என்பன மட்டக்களப்பு மாவட்டத்தின் மேற்கு ஓரத்து மேய்ச்சல் தரைகள். அம்பாறை, பொலன்னறுவை மாவட்டங்கள் வந்து முட்டும் இடம். மாவட்டக் கோட்டுக்கு மேலே மகாவலி வலயக் கோடும் கிடக்கிறது. போர் முடிந்த பிறகு, 2020 ஐ ஒட்டி வேகமாக, அயல் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் தரையை உழுது சோளம் போட்டார்கள். மாடுகள் சுடப்பட்டன, சுருக்கில் சிக்கின, மின்கம்பியில் மாண்டன என்று பண்ணையாளர் முறையிட்டார்கள். 2023 ஆகஸ்டில் நிலைமையைப் பார்க்கப்போன சமயத் தலைவர்களும் செய்தியாளர்களும் சில மணி நேரம் தடுத்து வைக்கப்பட்டார்கள். செப்ரெம்பர் 15 ஆம் திகதி பண்ணையாளர் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்தார்கள். போராட்டம் ஓராண்டையும் தாண்டியது.

அவர்கள் வீதிக்கு வந்த மாதத்தைக் கவனிக்க வேண்டும். பெரும்போகத்துக்குத் திகதி குறிக்கும் பருவம். அரசாங்கத்தின் ஒரு கை, இன்ன நாளுக்குள் மாட்டை வயலிலிருந்து எடு, இல்லையென்றால் சட்டம் பாயும் என்கிறது. மறு கை, நீ கொண்டுபோகும் இடம் உன்னுடையதல்ல, அது மகாவலிக்குரியது என்கிறது. புறப்படுவது கட்டாயம், போய்ச்சேர்வது குற்றம். எல்லையைப் பற்றிய எத்தனையோ தத்துவச் சிக்கல்களைப் படித்திருக்கிறேன், இவ்வளவு கச்சிதமான ஒன்றைப் படித்ததில்லை. இதைச் சிக்கல் என்றுகூடச் சொல்லக்கூடாது. இரண்டு அலுவலகங்கள் தம்முள் பேசிக்கொள்ளாததன் விளைவு என்று ஒருவர் சொல்லலாம், பேசி வைத்துக்கொண்டதன் விளைவு என்று சித்தாண்டியில் இருப்பவர் சொல்வார். மேற்கே 1983 இன் வரலாறு கிடக்கையில் இரண்டாமவரை நான் மறுக்கப்போவதில்லை.

இன்னொரு விஷயம் பலர் கண்ணில் படவில்லை. நெல்லும் மாடும் ஒரு நிலத்தைப் பங்குபோட முடிந்ததற்குக் காரணம் இரண்டுக்கும் தேவைப்படும் மாதங்கள் வேறு. மாரியில் நெல்லுக்கு, கோடையில் மாட்டுக்கு. மயிலத்தமடுவில் போடப்படும் சோளம் மானாவாரி. மாரி மழையை நம்பி விதைத்து, மழை ஓய்ந்து அறுப்பது. வயலிலிருந்து விரட்டப்பட்ட மாடு தரைக்கு வந்து சேரும் அதே மாதங்களில்தான் சோளம் முளைத்து நிற்கும். இங்கே திகதியால் எதையும் தீர்க்க முடியாது. இருவருக்கும் ஒரே மண், ஒரே மாதம். காலத்தைப் பங்கிட முடியாத இடத்தில் நிலத்தைத்தான் பங்கிட வேண்டும், அதாவது கோடு கீற வேண்டும்.

பண்ணையாளர் கேட்டதும் அதைத்தான். அத்துமீறிய பயிர்ச்செய்கையை அகற்றி, தரையை மேய்ச்சல் தரையென வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. தலைமுறை தலைமுறையாக எல்லை கடந்தே வாழ்ந்த மக்கள் தமக்கு ஒரு எல்லை வேண்டும் என்று கேட்டு மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்தார்கள். எல்லைகளற்ற உலகத்தைக் கனவு காணும் நண்பர்களுக்கு இது பின்வாங்கலாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோடு எல்லா நேரமும் பலவானின் கருவி என்பது பாதி உண்மைதான். எழுதப்படாத உரிமை, எழுதத் தெரிந்தவன் வரும்வரைதான் உரிமையாக இருக்கும். காட்டோரத்தில் சோளம் போடும் ஏழைச் சிங்கள விவசாயியும் இதில் வில்லன் அல்லன், அவனையும் யாரோ ஒருவர் வரைபடத்தைப் பார்த்து அங்கே இருத்தியிருக்கிறார். ஆனால் அவனுக்குக் காணி வேறிடத்தில் கொடுக்கலாம். மாட்டுக்கு மாரியில் போக வேறு மேடு கிடையாது.

கோடு கீறுவதோடு கடக்கும் வழியையும் சட்டத்திலேயே எழுதிவைத்த நாடுகள் உண்டு. ஸ்பெயினில் 1273 இல் மன்னர் பத்தாம் அல்போன்சோ இடையரின் மெஸ்தா சபைக்கு அரச அங்கீகாரம் கொடுத்தார். வடக்கு மலைக்கும் தெற்குச் சமவெளிக்கும் ஆட்டு மந்தைகள் போய்வர அகன்ற வழிகள் பாதுகாக்கப்பட்டன. மெஸ்தா பிற்காலத்தில் விவசாயிகளை நசுக்கும் அதிகாரமாக வீங்கியது, அதை மறைக்க வேண்டியதில்லை. சபை 1836 இல் போயிற்று, வழிகள் போகவில்லை. 1995 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் அவற்றைப் பொதுச் சொத்தாக, விற்கவோ அனுபோகத்தால் உரிமை கொள்ளவோ முடியாதவையாக உறுதிசெய்தது. பெரிய வழிக்கு 75 மீற்றர்வரை அகலம். மொத்த நீளம் சுமார் 125,000 கிலோமீற்றர். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் மட்ரிட் நகரின் நடுவீதியால் ஆடுகள் போகும், கார்கள் நிற்கும். மேற்கு ஆபிரிக்க நாடுகளின் பொருளாதார சமூகமோ 1998 இல் நாட்டெல்லை தாண்டும் மந்தைகளுக்கே ஒரு சான்றிதழ் வகுத்தது. மந்தையின் அளவு, போட்ட தடுப்பூசி, போகும் வழி, கடக்கும் சோதனைச் சாவடி எல்லாம் அதில் இருக்கும். நடைமுறையில் அது பல இடங்களில் சீர்கெட்டிருக்கிறது, மேய்ப்பருக்கும் பயிர்செய்வோருக்கும் நடுவே கொலைகளும் நடக்கின்றன. இருந்தும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கே மாடு போகலாம் என்று ஒப்புக்கொண்ட காகிதம் அது. நாம் பேசிக்கொண்டிருப்பது ஒரே மாவட்டத்துக்குள்ளே போவதைப் பற்றி.

ஆகவே மயிலத்தமடுவுக்கு ஒரு வர்த்தமானி வருமானால் தரையின் நான்கு எல்லையையும் ஏக்கர் கணக்கையும் மட்டும் எழுதி முடிப்பது போதாது. முந்தனை ஆற்றை மந்தை எந்தத் துறையில் கடக்கும், கிரான் பக்கமிருந்து போகும் வழி எத்தனை மீற்றர் அகலம், வழியில் வன இலாகாவின் கல் எங்கே நடப்பட்டிருக்கிறது, தண்ணீர் காட்டும் குளம் எது, யாருடைய குறிசுட்ட மாடுகள் எத்தனை, ஏறாவூர் முஸ்லிமின் மாட்டுக்கும் அங்கே இடமுண்டா என்பவையும் அதில் இருக்க வேண்டும். கூடவே ஆரம்பக் கூட்டத்தின் தீர்மானத்தோடு அதைக் கட்டிவிட வேண்டும். மேய்ச்சல் தரை தயாராக இருப்பதைப் பிரதேசச் செயலாளர் எழுத்தில் உறுதிசெய்யாத ஆண்டில், மாட்டை வெளியேற்றும் திகதியைக் குறிக்க எந்தக் கூட்டத்துக்கும் அதிகாரம் இருக்கக்கூடாது.